தானே நீர் நிரப்பும் மீன் தொட்டி

கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்த்தலை வெறும் பொழுதுபோக்கென்று கருதுவார் பலர். தொட்டிக்குள் அடைபட்ட உயிருக்கோ அதுவே ஆறு, அதுவே கடல். ஆற்றில் வெயில் மிகுந்தால் மீன் ஆழ்ந்த மடுவை நாடும். கடலில் ஓரிடம் ஒவ்வாதாயின் மற்றோரிடம் செல்லும். தொட்டி மீனுக்குப் புகலிடம் வேறில்லை. நீர் கெட்டால் அந்நீரிலேயே அது உழல வேண்டும். ஆதலின் அந்நீரைக் காக்கும் பொறுப்பு முழுவதும் அதனை அங்கே கொணர்ந்து விட்டவனையே சாரும். அப்பொறுப்பில் ஒரு பகுதி, ஆவியாகிக் குறையும் நீரை அவ்வப்போது நிரப்புதல். இதனை ஆளின் கையை எதிர்பாராது தானே செய்துகொள்ளும் அமைப்பினை எவ்வாறு வகுப்பது என்பதையும், அவ்வமைப்பினால் மீனுக்குத் தீங்கு நேராமல் எவ்வாறு காப்பது என்பதையும் ஈண்டு ஆராய்வோம்.

தமிழ் பயிலும் மாணவனுக்கு இப்பொருளில் என்ன வேலை என்று வினவுவார் இருக்கலாம். நீர்மட்டத்தை ஓர் அளவில் நிறுத்தும் கலை தமிழ் மக்களுக்குப் புதிதன்று. நம் ஏரிகள் ஒவ்வொன்றிலும் மதகு உண்டு, கலிங்கும் உண்டு. ஏரி நிரம்பிக் கரையை உடைக்கும் நிலை வருமுன், கலிங்கின் மேல் வழிந்து மிகை நீர் தானே வெளியேறுகிறது. அதற்குக் காவலாள் வேண்டுவதில்லை. கல்லால் அமைந்த விளிம்பின் உயரமே காவல். மழைக்காலத்தில் எம் ஊர்ப் பக்கத்தார், 'ஏரி கோடி போகிறது' என்று மகிழ்ந்து சொல்வது இதனையே. கலிங்கு நீர்மட்டத்தின் மேல் எல்லையைக் காக்கிறது. நாம் இங்குப் பேசப்போகும் பொறி கீழெல்லையைக் காப்பது. ஆனால் கீழெல்லையைக் காக்கும் பொறிக்கும் மேலெல்லைக் காவல் ஒன்று வேண்டும் என்பதே இக்கட்டுரை முடிவில் வற்புறுத்தும் உண்மை.

இடமும் காலமும்

ஆரணி நகரம் கமண்டல நாகநதிக் கரையில், கடலினின்றும் நெடுந்தொலைவில் அமைந்தது. பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற அவ்வூரில் நீர் ஆவியாதல் என்பது ஏட்டுக் கல்வி அன்று. பட்டு நூலுக்குச் சாயமிடுமுன் அதன் பசையைச் சோப்பு நீரில் கொதிக்கவைத்து நீக்குவர். நீர் கடினமாயின் சோப்பு நுரையாது, திரிந்து கசடாகும். சாயத் தொட்டி அடுப்பில் இருக்கையில் நீர் மட்டும் ஆவியாகப் போகும், சாயம் போகாது. ஆதலின் எஞ்சிய நீரில் சாயம் செறியும். பழைய அளவுக்கு அதனைக் கொண்டுவர வேண்டுமாயின் வெறும் நீரையே வார்க்க வேண்டும்; சாய நீரை வார்த்தால் செறிவு பழைய அளவுக்கு இறங்காது. மீன் தொட்டியின் இரகசியம் முழுவதும் இச்சாயத் தொட்டியிலேயே அடங்கியிருக்கிறது.

பங்குனி முதல் வைகாசி வரை வட ஆர்க்காட்டுப் பகுதிகளில் காற்று உலர்ந்து வெயில் கடுமையாக இருக்கும். நீர் மிகுதியாக ஆவியாவது அப்போதுதான். கல்லூரிகளுக்குக் கோடை விடுமுறை வருவதும் அக்காலமே. அஃதாவது, மீனுக்கு மிகுந்த கவனம் வேண்டப்படும் நாட்களில்தான் அதனை வளர்ப்பவன் ஊரில் இருப்பதில்லை. ஐப்பசி கார்த்திகை மாதங்களின் ஈரக் காற்றில் இந்த இடர்ப்பாடு குறைவு. ஆகவே, தானே நீர் நிரப்பும் அமைப்பு எம்மவர்க்கு ஆடம்பரம் அன்று. கோடைக்கு ஏற்ற தேவை.

கடற்கரையில் இருந்த பழைய மீன் காட்சிச்சாலைகளுக்கு இத்தேவை இவ்வளவு கடுமையாக இல்லை. பொதுமக்கள் காணும் மீன் காட்சிச்சாலை முதன்முதலில் 1853-ஆம் ஆண்டு இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் திறக்கப்பட்டது. சென்னை மெரினாக் கடற்கரையில் 1909-ஆம் ஆண்டு ஒரு மீன் காட்சிச்சாலை திறக்கப்பெற்றுப் பல்லாண்டு மக்களை மகிழ்வித்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அது மூடப்பட்டது. கடலை அடுத்திருக்கும் இத்தகைய நிலையம் வேண்டும்போதெல்லாம் கடல்நீரைப் புதிதாகக் கொணர்ந்து பழையதை மாற்றலாம். அங்ஙனம் மாற்றுமிடத்துச் சிறிது ஆவியாயினும் உப்பின் அளவு பெரிதும் வேறுபடாது. 1947-ஆம் ஆண்டு தோன்றிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இன்று கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்டது. ஆயினும், அதன் மண்டபக் கிளையில் கோமாளி மீன் முதலிய அழகுக் கடல்மீன்களைக் குஞ்சு பொரிக்கச் செய்து வளர்க்கும் முறைகள் வகுக்கப்பட்டுள்ளன. அங்கும் கடல் அருகிலேயே உள்ளது.

உள்நாட்டு நகரத்தின் நிலை வேறு. சென்னைக் கொளத்தூர் வண்ண மீன் வளர்ப்புக்கும் வாணிகத்துக்கும் பெயர் பெற்றது. அத்தகைய கடைகளில் வாங்கும் மீனை ஆரணியிலோ வேலூரிலோ வளர்ப்பவன் கடல்நீரை நாள்தோறும் கொணர இயலாது. கடையில் விற்கும் கடலுப்புக் கலவையை நல்ல நீரில் கரைத்துத் தொட்டியை ஒருமுறை நிரப்புகிறான். பின்னர் அந்நீரையே வடிகட்டிச் சுழலவிட்டுப் பேணுகிறான். மூடிய வட்டம் போன்ற அத்தொட்டியில் ஒருமுறை இட்ட உப்பு, நாம் எடுத்தாலன்றி வெளியேறாது. ஆகவே, அதன் கணக்கை நாமே வைத்தல் வேண்டும்.

இழப்பின் கணக்கு

உள்ளளவு 60 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் 40 செ.மீ. உயரமும் உடைய ஒரு தொட்டியை எடுத்துக்கொள்வோம். இது வீடுகளில் பெரிதும் காணப்படும் அளவு. இதில் 35 செ.மீ. உயரத்துக்கு நீர் இருப்பின் அது 63 லிட்டர் ஆகும். கல்லும் மணலும் இடம்பெறுவதால் உண்மையில் நீர் இதனினும் சற்றுக் குறையும். கணக்கின் எளிமைக்காக அதனை ஒதுக்குவோம். நீரின் மேற்பரப்பு 1800 சதுர செ.மீ. ஆதலின் மட்டம் ஒரு மில்லிமீட்டர் தாழ்ந்தால் 180 மில்லிலிட்டர் போயிற்று என்பது பொருள். நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் தாழ்வதாகக் கொண்டால் இழப்பு 900 மில்லிலிட்டர். பத்து நாளில் 9 லிட்டர்.

கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. நம் தொட்டியில் அடங்கிய உப்பு 2205 கிராம். பத்து நாள் ஒன்றும் செய்யாதிருந்தால் எஞ்சும் 54 லிட்டரில் அவ்வுப்பு முழுவதும் நிற்கும். செறிவு லிட்டருக்கு 40.8 கிராம் ஆகும். இனி, குறையைக் கண்டு அஞ்சி நாள்தோறும் கடல்நீரையே ஊற்றினான் ஒருவன் என்று கொள்வோம். அவன் 9 லிட்டரோடு 315 கிராம் உப்பையும் சேர்த்துவிட்டான். தொட்டி நிறைந்திருக்கிறது, செறிவோ 40 கிராம். ஒன்றும் செய்யாதவனுக்கும் இவனுக்கும் வேறுபாடு மிகச் சிறிது. கண்ணுக்குத் தொட்டி நிறைவாகத் தோன்றுவதால் இவனது நிலையே அதிகம் ஏமாற்றுவது. ஆகவே முதல் விதி இது: போனது எதுவோ அதையே திரும்ப இட வேண்டும். போனது நல்ல நீர். இட வேண்டியதும் நல்ல நீரே.

உப்பின் செறிவு மாறினால் மீனுக்கு என்ன? கடல்மீனின் உடலினுள் இருக்கும் உப்பு கடல்நீரினும் குறைவு. அதனால் அதன் உடல்நீர் இடைவிடாது புறத்தே ஈர்க்கப்படுகிறது. அவ்விழப்பை ஈடுசெய்ய அது கடல்நீரைப் பருகி, மிகையான உப்பைச் செவுள் வழியாக வெளியேற்றுகிறது. இதற்கு அது ஆற்றல் செலவிட வேண்டும். நீரில் உப்பு ஏறுந்தோறும் அச்செலவும் ஏறும். பவளம் முதலிய முதுகெலும்பற்ற உயிர்கள் பலவற்றுக்கு இங்ஙனம் எதிர்த்து நிற்கும் ஆற்றலும் இல்லை. புறநீரின் நிலையே அவற்றின் அகநிலை.

நன்னீர்த் தொட்டி வைத்திருப்போர், 'இது எமக்குரியதன்று' என்று கருதிவிடலாகாது. கிணற்று நீரிலும் ஆழ்துளைக் கிணற்று நீரிலும் சுண்ணாம்பு முதலிய உப்புக்கள் கரைந்துள்ளன. லிட்டருக்கு 300 மில்லிகிராம் கரைபொருள் உடைய நீரால் 63 லிட்டர்த் தொட்டியை நிரப்பினால் அதில் 18.9 கிராம் கரைபொருள் இருக்கும். நாள்தோறும் ஆவியாகும் 900 மில்லிலிட்டரை அந்நீராலேயே ஈடுசெய்தால் ஒவ்வொரு நாளும் 270 மில்லிகிராம் சேரும். எழுபதே நாளில் அளவு இருமடங்காகும். கண்ணாடியில் நீர்மட்டத்தை ஒட்டி வெண்ணிறமாகப் படியும் கோடு அதன் ஒரு பகுதியே. ஆகவே நிரப்பு நீருக்கு, வீடுகளில் உள்ள ஆர்.ஓ. கருவியில் வடித்த நீரோ தூய மழைநீரோ ஏற்றது. குழாய் நீரில் குளோரின் இருப்பின் அதனை நீக்கிய பின்னரே சேர்த்தல் வேண்டும்.

இனி, ஆவியாதலையே தடுத்துவிட்டால் என்ன என்று தோன்றலாம். தொட்டியை இறுக மூடினால் நீர் குறையாது. ஆனால் ஒரு லிட்டர் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 2400 கிலோஜூல் வெப்பம் வேண்டும்; அதன் பெரும்பகுதியைத் தொட்டி நீரினின்றே அது கவர்ந்து செல்லும். நம் தொட்டியில் ஒருநாள் ஆவியாகும் 900 மில்லிலிட்டர் கொண்டுபோகும் வெப்பம், 63 லிட்டர் நீரை 8 பாகை செல்சியஸ் சூடேற்றப் போதுமானது. மண்பானை நீர் குளிர்வதும் இவ்வாறே. கோடையில் தொட்டியின் மேல் சிறு விசிறி ஓடவிடுவோர் இக்குளிர்ச்சியைக் கருதியே அங்ஙனம் செய்கின்றனர். அப்போது இழப்பும் மிகும். மேலும், சூடான நீரில் உயிர்க்காற்று குறைவாகவே கரையும். நன்னீரில் 25 பாகையில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்கு மேல் கரையும். 30 பாகையில் 7.6 மில்லிகிராம் அளவே. ஆகவே ஆவியாதலைத் தடைசெய்வதினும், அதனை நிகழவிட்டு ஈடுசெய்தலே கோடைக்குத் தக்கது.

மூவகை அமைப்புகள்

நீர் தானே நிரம்பும் வழிகள் பல. அவற்றுள் மூன்றை ஆராய்வோம்.

முதலாவது, கவிழ்த்த புட்டி. நீர் நிறைந்த புட்டியை அதன் வாய் தொட்டி நீரின் மட்டத்தைத் தொடுமாறு கவிழ்த்து நிறுத்துவது. புட்டிக்குள் காற்றுப் புக வழியில்லாதவரை, புறத்துள்ள காற்றின் அழுத்தம் நீரைத் தாங்கி நிற்கும். தொட்டியின் மட்டம் புட்டியின் வாய்க்குக் கீழே இறங்கியதும் ஒரு குமிழ் காற்று உள்ளே செல்ல, அதற்கு ஈடான நீர் கீழே வரும். கோழிக்குஞ்சுகளுக்கு நீர் வைக்கும் கலத்தில் இதனைக் காணலாம். மின்சாரம் வேண்டாத எளிய முறை இது. குறையும் உண்டு. புட்டியில் காற்று மிகுந்த பின்னர்ப் பகல் வெப்பத்தால் அது விரிந்து நீரை வெளியே தள்ளும். ஐந்து லிட்டர் காற்று 10 பாகை சூடேறினால் 150 மில்லிலிட்டருக்கு மேலேயே விரியும். இரவில் குளிர்ந்து சுருங்குங்கால் தொட்டியின் உப்பு நீரைப் புட்டிக்குள் இழுத்தாலும் இழுக்கும். சிறு நன்னீர்த் தொட்டிக்கு இது போதும். கடல்நீர்த் தொட்டிக்கு நுட்பம் போதாது.

இரண்டாவது, மிதவை அடைப்பான். மொட்டைமாடி நீர்த்தொட்டியில் நாம் காணும் மிதவைக் குமிழ் இதுவே. மட்டம் தாழ மிதவை தாழும், நீர்வழி திறக்கும். மட்டம் உயர மிதவை உயர்ந்து வழியை அடைக்கும். மிதவையைக் கொண்டு நீரோட்டத்தை ஒழுங்குபடுத்தும் எண்ணம் மிகத் தொன்மையானது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தெசிபியஸ் தம் நீர்க்கடிகாரத்தில் இம்முறையைக் கையாண்டார் என்று வரலாற்றாசிரியர் கூறுவர். இதற்கும் மின்சாரம் வேண்டாம். ஆனால் நிரப்பு நீர்க் கலம் தொட்டியினும் உயரத்தில் இருத்தல் வேண்டும். உப்புப் படிந்தோ, நத்தை புகுந்தோ, பாசி சிக்கியோ மிதவை மேலெழாது நின்றுவிட்டால், மேலே உள்ள நீர் முழுவதும் கீழே இறங்கிவிடும். இதனை வீட்டுக் குழாயோடு நேரே இணைப்பது பேராபத்து. குழாயில் வரும் நீருக்கு எல்லையே இல்லை.

மூன்றாவது, மட்டம் அறியும் கருவியும் சிறு மின்னிறைப்பானும். நிரப்பு நீர்க் கலம் தொட்டிக்குக் கீழே இருக்கும். மட்டம் தாழ்ந்ததும் கருவி மின்வழியை இணைக்க, இறைப்பான் நீரை ஏற்றும். மட்டம் உயர்ந்ததும் மின்வழி அறும். மட்டம் அறிய இருவகைக் கருவிகள் உண்டு. ஒன்று, காந்தம் பொருத்திய மிதவை. அது ஏறி இறங்குங்கால் தண்டினுள் இருக்கும் மெல்லிய உலோக நாக்குகள் சேரவும் பிரியவும் செய்யும். மற்றொன்று ஒளியால் அறிவது. கண்ணாடி போன்ற கூர்முனையினுள் செலுத்திய கட்புலனாகாத செந்நிறப் புறக்கதிர், முனை காற்றில் இருக்கையில் முழுவதும் உட்பிரதிபலித்துத் திரும்பும். முனை நீரில் மூழ்கியபோது நீருக்குள் சென்று மறையும். அசையும் உறுப்பு இதில் இல்லை. எனினும் முனையில் பாசியோ குமிழோ படிந்தால் இதுவும் பிழைபடும்.

அமைக்கும் முறை

இம்மூன்றனுள் மூன்றாவதே கடல்நீர்த் தொட்டிக்குச் சிறந்தது. அதனை அமைக்குங்கால் கருத வேண்டியவை வருமாறு.

இறைப்பான் 12 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் இயங்குவதாக இருத்தல் நன்று. நீருள்ள இடத்தில் வீட்டு மின்சாரத்தின் 230 வோல்ட் நெருங்காதிருப்பதே பாதுகாப்பு. மின்மாற்றியைத் தொட்டிக்கு அப்பால், நீர் தெறிக்காத உயரத்தில் வைக்க வேண்டும். மின்கம்பி, செருகுமிடத்துக்குச் செல்லுமுன் ஒருமுறை கீழே தொங்கி, பின் மேலேறுமாறு விடுதல் வேண்டும். கம்பி வழியே வழியும் நீர் அத்தொங்கலில் சொட்டிவிடும். வீட்டு மின்வழியில் 30 மில்லியாம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் காவற்கருவி இருத்தலும் இன்றியமையாதது.

நீரேற்றும் குழாயின் முனை தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேலே நிற்க வேண்டும். முனை நீரில் மூழ்கியிருந்து, கலம் கீழே இருந்தால், இறைப்பான் நின்றதும் தொட்டி நீர் குழாய் வழியே பின்னோக்கிக் கலத்துக்குள் இறங்கும். கலத்தின் மட்டம் குழாய் முனையினும் உயர்ந்திருந்தாலோ, இறைப்பான் நின்ற பின்னும் நீர் ஓடிக்கொண்டே இருக்கும். கலம் கீழே, குழாய் முனை நீர்மட்டத்துக்கு மேலே என்னும் இவ்விரண்டும் கூடினால் இருவகைத் தீங்கும் நீங்கும்.

தொட்டியின் கீழே வடிகட்டுவதற்கெனத் தனித் தொட்டி வைத்திருப்போர், மட்டக் கருவியை அக்கீழ்த்தொட்டியின் கடைசி அறையில் பொருத்த வேண்டும். மேல்தொட்டியின் நீர் எப்போதும் வழிவாயின் உயரத்திலேயே நிற்பதால், ஆவியான குறை அக்கடைசி அறையிலேயே தோன்றும். கருவி, அலையும் குமிழும் மோதாத அமைதியான மூலையில் இருத்தல் வேண்டும்.

கருவி இணைக்கும் மட்டத்துக்கும் அறுக்கும் மட்டத்துக்கும் இடையே சிறு இடைவெளி இருப்பது நன்று. நம் தொட்டியில் அவ்விடைவெளி 3 மில்லிமீட்டர் ஆயின், ஒருமுறைக்கு 540 மில்லிலிட்டர் ஏறும். உப்பின் செறிவு அப்போது 0.3 கிராமே மாறும். இடைவெளி அறவே இல்லையாயின் ஒவ்வோர் அலைக்கும் இறைப்பான் துடித்துத் துடித்துத் தேய்ந்துபோகும்.

பிழைபடுங்கால் என்னாகும்?

இதுவரை கூறியவை பொறி ஒழுங்காக இயங்குங்கால் பொருந்துவன. ஆனால் பொறியை மதிப்பிட வேண்டியது அது பிழைபடும் நாளை மனத்திற் கொண்டே. கையால் நீர் ஊற்றுபவன் ஒருநாள் மறந்தால் 900 மில்லிலிட்டரே குறையும். மீன் அதனைப் பொறுத்துக்கொள்ளும். நிரப்பும் பொறி நிற்க மறந்தாலோ, ஒருமணி நேரத்துக்குள் தொட்டி முழுவதும் நீர்த்துப்போகும். குறைவினால் வரும் கேடு மெல்ல வருவது. மிகையினால் வரும் கேடு விரைந்து வருவது. ஆகவே, எவ்வுறுப்பு கெட்டாலும் நீர் ஏறாது நிற்குமாறு அமைப்பதே அறிவுடைமை. கம்பி அறுந்தால் இறைப்பான் ஓடாது நிற்குமாறு மின்வழியை வகுத்தல் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு.

மேலெல்லைக்குக் காவல் மூன்று வேண்டும். முதற்காவல், இரண்டாவது மட்டக் கருவி. வழக்கமான கருவிக்கு ஒன்றிரண்டு செ.மீ. மேலே மற்றொன்றைப் பொருத்தி, இரண்டும் ஒருங்கே இசைந்தாலன்றி இறைப்பான் ஓடாதவாறு அடுத்தடுத்து இணைக்க வேண்டும். கீழ்க்கருவி ஒட்டிக்கொண்டாலும் மேற்கருவி நிறுத்திவிடும். இரண்டாம் காவல், காலவரை. ஒருமுறைக்கு இத்தனை நிமிடத்துக்கு மேல் இறைப்பான் ஓடலாகாது என்று வரையறுக்கும் சிறு கருவியை இணைத்தல். மெல்ல இறைக்கும் இறைப்பானாயின் இக்காவல் மேலும் வலிதாகும்.

மூன்றாம் காவல் எல்லாவற்றினும் எளியது. பொறியென்று ஒன்றும் இல்லாதது. நிரப்பு நீர்க் கலத்தின் அளவே அது. நம் தொட்டியில் நீருக்கு மேலே 5 செ.மீ. வெற்றிடம் உண்டு; அதன் கொள்ளளவு 9 லிட்டர். கலமும் 9 லிட்டருக்கு மிகாதிருந்தால், எல்லாக் கருவிகளும் ஒருசேரக் கெட்டு முழுக் கலமும் தொட்டிக்குள் கொட்டினாலும், நீர் விளிம்போடு நிற்கும், தரைக்கு வழியாது. 2205 கிராம் உப்பு 72 லிட்டரில் பரவி, செறிவு லிட்டருக்கு 30.6 கிராம் ஆகும். இது மீனுக்கு நலம் தருவது அன்று, பவளத்துக்குக் கொடியது, எனினும் பேரழிவு அன்று. மாறாக, பன்முறை நிரப்பும் தொல்லையைத் தவிர்க்க எண்ணி 50 லிட்டர்க் கலம் வைத்தவன் தன் மீன்களின் உயிரை ஒரு சிறு மிதவையிடம் அடகு வைத்தவன் ஆவான். ஏரியின் கலிங்கு எங்ஙனம் தன் உயரத்தாலேயே காக்கிறதோ, அங்ஙனமே இக்கலமும் தன் சிறுமையாலேயே காக்கிறது. தேய்வதற்கும் துருப்பிடிப்பதற்கும் அதில் உறுப்பு ஏதும் இல்லை.

சோதனையும் பேணுதலும்

அமைத்த அன்றே அதனை நம்பிவிடலாகாது. முதலில் தொட்டியின் புறத்தே நீர்மட்டத்தில் ஒரு கோடு இடுக. ஒரு லிட்டர் நீரை முகந்து ஒரு பாத்திரத்தில் வைத்து, இறைப்பான் எப்போது ஓடி எங்கே நிற்கிறது என்று காண்க. சோதனை முடிந்ததும், ஏறிய நல்ல நீருக்கு ஈடாக முகந்த உப்புநீரைக் கொட்டிவிடாது, மட்டத்தையும் செறிவையும் அளந்து சரிசெய்க. பின்னர்க் கீழ்க்கருவியைக் கையால் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, மேற்கருவி தனித்து நிறுத்துகிறதா என்று பார்க்க. மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் விட்டு, தடுமாற்றம் உண்டா என்று காண்க. குறைந்தது ஒரு வாரமாவது, வீட்டில் ஆள் இருக்கையில் அது ஓடட்டும். நாள்தோறும் கலத்தில் எவ்வளவு குறைந்தது என்று ஒரு தாளில் குறித்துவருக. அக்குறிப்பே நம் ஊரின் உண்மையான ஆவியாதற் கணக்கு. எந்நூலிலும் அது கிடையாது.

மாதம் இருமுறை மிதவைகளைக் கழற்றிக் கழுவுதலும், குழாய் முனையில் படியும் உப்பைத் துடைத்தலும், கலத்தை ஒளிபடாது மூடிவைத்துப் பாசி வளராமற் காத்தலும் வேண்டும். உப்பின் செறிவை வாரந்தோறும் அளக்க வேண்டும்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் களைதல் நலம். நீர் நிரப்புதல் வேறு. நீர் மாற்றுதல் வேறு. மீனின் கழிவினின்றும் அம்மோனியா தோன்றுகிறது. நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இவை உப்பைப் போன்றே ஆவியாகப் போவன அல்ல. எப்போதும் நிறைந்து தோன்றும் தொட்டியில் இவை மறைவாகச் சேர்ந்துகொண்டே இருக்கும். ஆகவே பொறி நிரப்பினாலும், குறித்த காலத்தில் ஒரு பகுதி நீரை எடுத்துப் புது நீர் விடும் கடமை நம்முடையதே.

முடிவுரை

கடலின் மீன்கள்மீது மனிதனுக்கு ஆளுகை அளிக்கப்பட்டதாக ஆதியாகமத்தின் முதல் அதிகாரம் உரைக்கிறது. ஆளுகை என்பது நம் விருப்பம்போல் அடைத்து வைத்து மகிழ்தல் என்று பொருள்படின், அது கொடுங்கோல் ஆகும். ஆளப்படும் உயிரின் தேவையை அறிந்து கணக்கோடு நடத்தலே செங்கோல். ஒரு குவளை நீரின் கணக்கும் அக்கோலாட்சியில் அடங்கும்.

கோடை விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவ நண்பர்கள், இவ்வமைப்பை அமைத்திருப்பினும், அண்டை வீட்டாரிடமோ விடுதிக் காவலரிடமோ தொட்டியின் மேலுள்ள கோட்டைக் காட்டிவிட்டுச் செல்வார்களாக. நீர் அக்கோட்டுக்கு மேலே ஏறினால் எந்த விசையை நிறுத்த வேண்டும் என்பதையும், கீழே இறங்கினால் எந்தப் பாத்திரத்து நீரை ஊற்ற வேண்டும் என்பதையும் ஒரு தாளில் எழுதி, அத்தொட்டியின் மேலேயே ஒட்டிவைப்பார்களாக.